தம்பி விளையாடிய தண்ணீர்

அம்மா இருந்தாள். மாட்டுங்காவில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், அன்று மட்டும் சீக்கிரம் வந்துவிட்டாள். அப்பா இருந்தார். தோல் பட்டறையில் அரைநாள் லீவு சொல்லியிருந்தார். மாமா இருந்தார். அவர் அம்மாவின் தம்பி. பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கிற இடத்தில் அவருக்கு வேலை. எதிர்வீட்டு அத்தை இருந்தாள், பாதி உடம்பு எங்கள் வீட்டுக்குள், பாதி வெளியே. மூலைவீட்டுச் சித்தி அவள் தோளுக்குப் பின்னால் இருந்தாள். ஆஸ்பத்திரி மேடம் பாயில் உட்கார்ந்திருந்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். எனக்கு ஒன்பது வயது. தம்பி நடுவில் நின்றான். எல்லாரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தாராவியில் ஒரே அறைதான் எங்கள் வீடு. அதில் ஒரு மூலை மோரி. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் ஒரு சின்னத் திட்டு கட்டி விட்டிருப்பார்கள், அதுதான் மோரி. அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து அதற்கு ஒரு திரை போட்டிருந்தோம்.

தம்பிக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. பேச்சு வரவில்லை. இடது கை பிறந்ததிலிருந்து மூடியே இருந்தது. தூங்கும்போதுகூட மூடித்தான் இருக்கும். அம்மா எண்ணெய் தடவி ஒவ்வொரு விரலாகப் பிரித்து விடுவாள். விட்டதும் திரும்பவும் மூடிக்கொள்ளும். அந்தக் கைக்குள் எதையோ ஒளித்து வைத்திருக்கிறான் என்று நான் சின்னதில் நினைத்ததுண்டு.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே குழந்தைகள் பகுதிக்குப் பின்னால் ஒரு அறை இருந்தது. தரை முழுக்க ஓடு. நடுவில் பிள்ளைகள் இடுப்பு உயரத்துக்கு ஒரு தொட்டி, தொட்டியில் தண்ணீர். கிண்ணம், புனல், சல்லடை, பஞ்சு எல்லாம் மிதந்தன. பிள்ளைகள் சுற்றி நின்று மொண்டார்கள், ஊற்றினார்கள். திரும்ப மொண்டார்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. மருந்து இல்லை, ஊசி இல்லை. தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. யாரும் யாரையும் திட்டவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம்.

அந்த அறையைப் பார்த்துக்கொள்கிற மேடம் அம்மாவுக்கு இந்தியில் விளக்கினார். மாட்டுங்கா வீடுகளில் பழகின இந்தி அம்மாவுக்குப் போதும். பஞ்சைப் பிழிந்தால் கைக்குப் பலம் வரும். ஊற்றும்போது கண்ணும் கையும் சேர்ந்து போகப் பழகும். கிண்ணம் வழிவதற்குள் நிறுத்தவேண்டும் என்பது பிள்ளைக்குத் தானாகப் புரியும். போதும், இன்னும், நிறைய, கொஞ்சம், இதெல்லாம் முதலில் கையில் வரும், பிறகுதான் வாயில் வரும். சும்மா விளையாட்டு என்று நினைக்காதீர்கள். வீட்டில் தினமும் செய்யுங்கள்.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"தண்ணிய வெச்சு வெளயாடணுமாம். நம்ம கல்லிய வந்து பாத்துட்டுச் சொல்லச் சொல்லு."

எங்கள் கல்லியில், அதாவது சந்தில், காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும். ஏழு மணிக்குள் நின்றுவிடும். அந்த நேரத்தில் டிரம்மையும் குடத்தையும் நிரப்பிக்கொள்ளவேண்டும். பிறகு மறுநாள்தான். ஆகவே ஒரு தண்ணீர் எங்கள் வீட்டில் ஒரு வேலையோடு போகாது. அரிசி கழுவின தண்ணீர் பாத்திரத்துக்கு. துணி அலசின தண்ணீர் தரைக்கு. தரை துடைத்தது போக மிச்சம் இருந்தால் கக்கூஸ் டப்பாவுக்கு. கல்லி முனையில் பொதுக் கக்கூஸ், டப்பாவில் தண்ணீர் கொண்டுபோகவேண்டும். எங்களுடையது பழைய பெயிண்ட் டப்பா. கம்பிப் பிடி உடைந்துபோய் வெறும் டப்பாவாக இருந்தது.

இந்த வரிசையில் தம்பிக்கு எங்கே இடம் என்று அம்மா யோசித்தாள். துணி அலசலுக்கும் தரைக்கும் நடுவில் அவனைச் செருகினாள்.

மாமா ஒரு நீல டிரம்மைப் பாதியாக அறுத்துக் கொண்டுவந்தார். வெட்டின ஓரத்தைச் சூடு காட்டி மழுக்கியிருந்தார்.

"கெமிக்கல் வந்த டிரம் இல்லக்கா. எண்ண வந்தது. நா மூணு வாட்டி கழுவிட்டேன். வேணும்னா நக்கிப் பாரு."

"நீ நக்குனியா?"

"நக்கித்தான கொண்டாந்தேன்."

அம்மா மூன்று மணிக்கு வேலை முடிந்து வருவாள். துணி துவைப்பாள். கடைசி அலசலில் அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கும் என் பள்ளிக்கூடச் சட்டைக்கும் நீலம் போடுவாள். அந்தத் தண்ணீரை அப்படியே டிரம்மில் ஊற்றி, வாசலில் வைத்து, தம்பியை உட்கார வைப்பாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கப். நீலத் தண்ணீர், மேலே லேசாகச் சோப்பு நுரை. அவன் வலது கையால் மொண்டு ஊற்றுவான். இடது கை மடியில் மூடிக் கிடக்கும். ஆனாலும் அவன் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். மற்ற நேரத்தில் எதையும் பார்க்காத கண் தண்ணீர் விழுகிற இடத்தையே பார்க்கும்.

வாசலில்தான் வெளிச்சம். அதனால் கல்லியே பார்க்கும்.

"ஏ மதினி, ஒம் மவனுக்குக் கொளம் வெட்டியாச்சா? படித்தொற எப்பக் கட்டப்போற?" என்பாள் எதிர்வீட்டு அத்தை.

"ஆஸ்பத்திரில சொல்லிருக்காவ மதினி."

"ஆஸ்பத்திரில தண்ணியக் கொட்டச் சொன்னாவளாம். நாங்க இங்க நாக்க நனைக்க வழியில்லாமக் கெடக்கோம்."

அம்மா அது கழிவுத் தண்ணீர் என்று சொல்வாள். அதைக் கேட்டதும் மூலைவீட்டுச் சித்தி முகத்தைச் சுளிப்பாள். "அழுக்குத் தண்ணில பிள்ளைய ஒக்கார வெச்சிருக்காளே." நல்ல தண்ணீர் என்றாலும் தப்பு. கழிவுத் தண்ணீர் என்றாலும் தப்பு.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, தெறித்த தண்ணீரைத் துணியால் ஒற்றிப் பக்கெட்டில் பிழியவேண்டும். அது என் வேலை. என் வகுப்புப் பெண்கள் அந்த வழியாகத்தான் டியூஷன் போவார்கள். அவர்கள் வருவது தெரிந்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். வாயில் எச்சில் ஒழுக, நீலச் சாயம் தோய்ந்த கையோடு, மூன்று வயதுப் பையன் எங்கள் வாசலில் தண்ணீரை அளந்துகொண்டிருப்பான். அவன் யாரோ என்பது மாதிரி நான் துணியை மட்டும் பார்ப்பேன்.

இப்படிச் சில மாதம் போனது. கை திறக்கவில்லை.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் காலை வகுப்பில் ஒரு இடம் காலியானது. தினமும் போகலாம். தண்ணீர் அறை உண்டு, கைக்குப் பயிற்சி உண்டு, பேச்சுக்கு ஒருவர் உண்டு. காசு இல்லை. ஆனால் கேட்டவர்கள் நிறையப் பேர். வீட்டிலும் செய்கிறவர்களுக்குத்தான் கொடுப்போம், வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்றார்கள். இந்தத் தடவை கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம். இந்த வருஷம் போனால் எலும்பு அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் ஏற்கனவே சொல்லியிருந்தார். அம்மா அதை யாரிடமும் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கைக்கு எண்ணெய் தடவும்போது அழுத்தித் தடவ ஆரம்பித்தாள்.

எங்களில் மொபைல் மாமாவிடம் மட்டும்தான் இருந்தது. மேடம் அவரைத்தான் கூப்பிட்டார். மாமா ஓடி வந்தார்.

"சனிக்கெழம நாலு மணிக்கு வாராவளாம். ஒண்ணும் ஏற்பாடு பண்ண வேண்டாமாம். தெனமும் எப்படி வெளயாடுதானோ அப்படியே இருக்கட்டும்னாவ."

"அப்படியேன்னா?" என்றார் அப்பா.

"அப்படியேன்னா அப்படியேதான் அத்தான்."

"இந்தச் சோப்புத் தண்ணியோடயா? மேடம் வீட்டுக்கு வரும்போது எம் மவன் அழுக்குத் தண்ணில கையப் போட்டுட்டு இருப்பான், நா பாத்துட்டு நிக்கணுமா?"

வெளியாள் வரும்போது வீட்டை அப்படியே விட்டு வைப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. யாராவது வருகிறார்கள் என்றால் கிழிந்த பாயை உள்ளே தள்ளி நல்ல பாயை விரிப்போம். இருக்கிறதை மறைத்து இல்லாததை வைப்போம். அதற்குப் பெயர்தான் மரியாதை. மேடம் சொன்னதையும் மரியாதைக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டோம்.

அப்பா தாதர் போய்த் தம்பிக்குச் சட்டை வாங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, காலரில் சிவப்புக் கோடு. பிறகு தண்ணீர். அரை டிரம்மை நல்ல தண்ணீரால் நிரப்பினால் எங்கள் வீட்டில் குடிக்க மிஞ்சாது. அப்பா வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பட்டறையில் சம்பளத்தைக்கூடக் கேட்க மாட்டார், கொடுக்கிறபோது வாங்குவார். அன்று குடத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். பார்க்கச் சகிக்கவில்லை. அவர் குடத்தைக் காட்டினார்.

"என்ன அண்ணாச்சி?"

"நாளைக்கு மேடம் வாராவ. பிள்ளைக்கு… கொஞ்சம் நல்ல தண்ணி."

எதிர்வீட்டு அத்தை என்ன சொல்லப்போகிறாள் என்று நான் அவள் வாயையே பார்த்தேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி மேடம் நம்ம கல்லிக்கா வாராவ? அதக் கேக்கவே ஒரு நாளாச்சா ஒங்களுக்கு? எவளாவது நம்ம கல்லியப் பத்திக் கொறயாச் சொல்லிட்டுப் போகவா? இந்தா, குடத்த வைங்க."

தண்ணீரைக் கொட்டாதே என்று சண்டைக்கு வந்தவள், கொட்டி விளையாடத் தண்ணீர் கொடுத்தாள். மூலைவீட்டுச் சித்தியும் ஒரு குடம் கொண்டுவந்தாள். சனிக்கிழமை காலையில் அரை டிரம் நிறைந்தது. அடி தெரிகிற தண்ணீர். அப்படி ஒரு தண்ணீரை நான் எங்கள் வீட்டில் அகலமான பாத்திரத்தில் பார்த்ததே இல்லை. எதிர்வீட்டு அத்தை சாமிப் படத்துக்கு வாங்கின ரோஜாவை உதிர்த்து இதழை மேலே போட்டாள்.

"ஓட்டல் வாசல்ல இப்படித்தான் போட்டிருப்பான். நா பாத்திருக்கேன்."

அதற்கு மேல் பலகை போட்டு, பலகைக்கு மேல் துணி போட்டு மூடினோம்.

தம்பி அன்று காலையிலிருந்து அந்த டிரம்மைச் சுற்றினான். அவனுக்கு அது தெரிந்த டிரம்தானே. பலகையைத் தள்ளி வலது கையை நீட்டுவான். அம்மா கையைத் தட்டுவாள். "தொடாத ராசா. நாலு மணிக்கு." அவனுக்கு நாலு மணி என்றால் என்ன. திரும்ப வருவான். அப்பா தட்டுவார். எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏல, கைய எடு, எந் தண்ணி அதுல கெடக்கு" என்பாள். நானும் தட்டினேன். என் தட்டுதான் கொஞ்சம் ஓங்கி விழுந்தது. மத்தியானத்துக்குள் அவன் வருவதை நிறுத்திவிட்டான். சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டான். நல்ல பிள்ளையாகிவிட்டான் என்று அம்மா சொன்னாள்.

குளிப்பாட்டிப் பவுடர் போட்டுப் புதுச் சட்டை மாட்டினோம். சட்டையை நனைக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு தட்டு.

வேண்டாததையெல்லாம் மோரித் திரைக்குப் பின்னால் தள்ளினோம். பழைய ஸ்டவ், செருப்பு, கிழிந்த பாய், கக்கூஸ் டப்பா. அம்மா வேலையிலிருந்து வந்த கையோடு பழக்கத்தில் துணியையும் அலசிவிட்டாள். நீலம் போட்ட அந்தத் தண்ணீர் ஒரு பெரிய பக்கெட்டில் இருந்தது.

"அதக் கொட்டித் தொல" என்றார் அப்பா.

"எங்க கொட்ட? ராத்திரிக்குக் கக்கூஸுக்கு வேண்டாமா? தெரைக்குப் பின்னால கெடக்கட்டும். யாரு பாக்கா?"

மேடம் சரியாக நாலு மணிக்கு வந்தார். மாமா கல்லி முனையில் நின்று கூட்டிவந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, நாற்காலி எங்கே என்று தேடாமல் பாயில் உட்கார்ந்தார். அப்பா வாங்கி வைத்திருந்த கலர் பாட்டிலை நீட்டினார். அவர் பிறகு என்று சொல்லிவிட்டு டிரம்மைப் பார்த்தார். அப்பா துணியை எடுத்தார், பலகையை எடுத்தார். மேடம் ரோஜா இதழைப் பார்த்தார். வாயோரம் லேசாக அசைந்தது.

"கேலோ பேட்டா" என்றார். விளையாடு என்று.

தம்பி நின்றான். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"தொடு ராசா" என்றாள் அம்மா.

அவன் அம்மாவின் கையைத்தான் பார்த்தான், அது எப்போது தட்டும் என்று.

"ஏல, தொடுல. மேடம் பாக்காவல்லா" என்றார் மாமா. கப்பை எடுத்து அவன் முகத்துக்கு நேரே ஆட்டினார். அவன் பின்னால் போனான்.

அப்போது அப்பா குனிந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுத் தண்ணீரில் விரலை விட்டார். தோல் வெட்டி வெட்டிக் கறுத்த விரல். அதால் தண்ணீரைத் தட்டினார், பிள்ளைகள் தட்டுவதுபோல. "பாரு, பாரு, சலக்கு சலக்கு" என்றார். வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. யாரோ சிரித்தார்கள். என் அப்பா ரோஜா இதழுக்கு நடுவில் சலக்கு சலக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"தெனமும் வெளயாடுவான் மேடம்" என்றாள் அம்மா, இந்தியில். குரல் உடைந்தது. பொய் சொல்கிறவள் குரல் மாதிரியே இருந்தது.

மேடம் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

எதிர்வீட்டு அத்தைக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த இந்தியில் உள்ளே பாய்ந்தாள். "மேடம், நா சாட்சி. தெனமும் தண்ணியக் கொட்டிக் கொட்டிக் கல்லியே சேறாக்கிருவான். நா திட்டாத நாள் கெடயாது. நீங்க யாரை வேணா கேளுங்க!" நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் அவள் வாசலுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

தம்பி நகர்ந்தான். டிரம்மை விட்டு, மேடத்தை விட்டு, நேராக மோரிக்குப் போனான். திரையைத் தலையால் முட்டி உள்ளே நுழைந்தான். அங்கே அவன் தண்ணீர் இருந்தது. நீலத் தண்ணீர். அடி தெரிகிற தண்ணீர் அவனுக்குத் தண்ணீராகவே படவில்லை என்று நினைக்கிறேன். மொள்ளுவதற்குக் கப்பைத் தேடினான். கப் மாமா கையில் இருந்தது. பக்கத்தில் கிடந்ததை எடுத்தான்.

"ஐயோ, கக்கூஸ் டப்பா!" என்று மூலைவீட்டுச் சித்தி கத்தினாள்.

வாசலில் எல்லாருக்கும் கேட்டது. மேடத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் டப்பா என்ற சொல் இந்தியிலும் மராத்தியிலும் அதேதான். அப்பா எழுந்தார். அம்மா திரைக்குள் ஓடினாள். அதற்குள் மேடம் கையை நீட்டி அப்பாவைத் தடுத்தார். யாரும் போகவேண்டாம் என்றார். எழுந்துபோய்த் திரையை முழுக்க விலக்கினார். மோரித் திட்டுக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் குந்தினார். அவர் சேலை நனைந்தது.

இப்போது எல்லாம் தெரிந்தது. ஸ்டவ், செருப்பு, கிழிந்த பாய், நடுவில் பவுடர் போட்ட முகத்தோடு தம்பி. பெரிய டப்பா அது, பிடி கிடையாது. பக்கெட்டுக்குள் அமிழ்த்தினான், தூக்கினான், ஊற்றினான். புதுச் சட்டை நீலமாகிக்கொண்டிருந்தது. திரும்ப அமிழ்த்தினான்.

மேடத்தின் உதடு அசைந்தது. மராத்தியில் எண்ணிக்கொண்டிருந்தார், மெதுவாக. எங்கள் கல்லியில் வெளியாள் வந்து எண்ணினால் அது குடிசையை இடிக்க வருகிற சர்வே. எத்தனை தலை, எத்தனை மாடி, யாருக்கு வேறு இடத்தில் வீடு, யாருக்கு இல்லை. நான் அதுதான் நினைத்தேன். எங்கள் வீட்டு அழுக்கை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். ஸ்டவ் ஒன்று, செருப்பு ஒன்று, பாய் ஒன்று.

அம்மா உள்ளே தம்பிக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நின்றாள். அவள் உதடும் அசைந்தது. சாமியைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

என்னால் நிற்க முடியவில்லை. ஓடிப்போய்த் திரையைப் பிடித்து இழுத்து மூடினேன். மேடம் என் கையை எடுத்துவிட்டுத் திரையைத் திரும்பத் திறந்தார். உதடு மறுபடியும் அசைய ஆரம்பித்தது.

பக்கெட் காலியாகும் வரை அவர் எழுந்திருக்கவில்லை.

போகும்போது திங்கட்கிழமை வாருங்கள் என்று மட்டும் சொன்னார். கலர் பாட்டிலைக் குடித்தார். ஈரச் சேலையோடு மாமாவுக்குப் பின்னால் கல்லியில் நடந்து போனார். எல்லா வாசலிலும் தலை நீண்டது.

அப்பா டிரம் பக்கத்தில் உட்கார்ந்து இதழ்களைப் பொறுக்கினார். பொறுக்கி முடித்துக் குடத்தில் தண்ணீரை மொண்டு எதிர்வீட்டுக்குத் தூக்கினார். அவர் விரல் விட்ட தண்ணீர் அது. அதைக் குடிக்கக் கொடுக்க முடியாது என்பதுகூட அவருக்கு அப்போது தோன்றவில்லை.

"இருக்கட்டும் அண்ணாச்சி. நீங்களே வெச்சுக்கிடுங்க" என்றாள் எதிர்வீட்டு அத்தை. அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. குத்திக்காட்டுகிறாள் என்றே எனக்குப் பட்டது. அப்பாவுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். குடத்தை அவள் வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். டிரம்மைக் கவிழ்த்தார். நல்ல தண்ணீர் கல்லிச் சாக்கடையில் ஓடியது. பிள்ளைகள் அதில் காலை நனைக்க ஓடி வந்தார்கள்.

"இனி இந்த வீட்ல இந்த வெளயாட்டு கெடயாது" என்றார் அம்மாவிடம்.

அம்மா மோரியில் உட்கார்ந்து புதுச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள், மானம் போய்விட்டது என்று அழுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீலம் போகவே இல்லை அந்தச் சட்டையில்.

திங்கட்கிழமை வகுப்பில் இடம் கிடைத்தது. மேடம் நம் நிலைமையைப் பார்த்துப் பாவப்பட்டுக் கொடுத்திருக்கிறார் என்று அப்பா சொன்னார். அதில் அவருக்குச் சந்தோஷம் இல்லை. நானும் அப்படியே நம்பினேன். டியூஷன் போகிற பெண்கள் என்னை டப்பா அக்கா என்று கூப்பிட்டார்கள். ரொம்ப நாள் கூப்பிட்டார்கள். பாவப்பட்டுக் கொடுத்த இடத்துக்காக இந்தப் பேரை வாங்கவேண்டியதாயிற்று என்று எனக்குத் தம்பி மேல் கோபம். ஏழாவதோடு நான் படிப்பை நிறுத்தினேன். அதற்கு வேறு காரணம். ஆனால் நிறுத்தியபோது அந்தப் பேர் இனிக் காதில் விழாது என்று ஒரு நிம்மதி இருந்தது.

தம்பி இப்போது மாமாவோடு வேலைக்குப் போகிறான். பேச்சு கொஞ்சம் இழுக்கும். இடது கை வலது கை அளவுக்கு இல்லை. ஆனால் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளும்.

போன மழைக்காலத்தில் என் மகனை அம்மாவிடம் விட்டிருந்தேன். அவன் மோரியில் உட்கார்ந்து தண்ணீரைக் கொட்டினான். நான் அதட்டினேன். அம்மா என்னைத் தடுத்தாள். பிறகு அவளாகவே ஆரம்பித்தாள், எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு சொல்வதுபோல.

"ஆஸ்பத்திரில கப்புத்தான் குடுப்பாவ. நானும் கப்புத்தான் குடுத்தேன். கப்ப ஒரு கையில பிடிச்சிரலாம்லா. அவனுக்கு மத்த கை எதுக்கு வேணும்? அந்த டப்பாவ ஒரு கையில தூக்க முடியாது. அன்னைக்குத்தான் அந்தக் கை தொறந்துச்சு. யாரும் பிரிச்சு விடாம, தானாத் தொறந்து டப்பாவப் பிடிச்சுச்சு. பெறகு மூடிக்கிடும். பெறகு தொறக்கும். மேடம் அதத்தான் எண்ணுனாவ. திங்கக்கெழம சொன்னாவ, பதினாறு தடவன்னு. நா சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"நீ அழுதியே அன்னைக்கு."

"நா எங்க அழுதேன்? சிரிப்ப அடக்கிட்டு இருந்தேன். ஒங்க அப்பா முன்னால சிரிக்க முடியுமா அன்னைக்கு?"

அம்மா பேரனின் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிப் பெரிய பாத்திரமாகக் கொடுத்தாள்.

"பதினாறு இல்லட்டி. நானும் உள்ள நின்னு எண்ணிட்டுத்தான இருந்தேன். நீ ஓடியாந்து தெரைய இழுத்து மூடுனல்லா, அப்பவும் அந்தக் கை ஒருக்கா தொறந்துச்சு. வெளிய இருந்தவியளுக்குத் தெரியல. நா பாத்தேன்."

"அப்ப எத்தன?"

"பதினேழு."